மறதி என்று சொல்லிக்கொண்டவள்

இருதயம்மாளுக்கு மறதி என்று முதன்முதலில் சொன்னது இருதயம்மாளேதான்.

அது ஒரு வெள்ளிக்கிழமை அன்பியக் கூட்டத்தில் நடந்தது. மாட்டுப்பட்டி அணைக்கு மேலே ஏற்றத்தில் இருக்கிற எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில், ஐந்தாம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரத்துக்கு ஒரு வீடாகக் கூடி செபமாலை சொல்லுவார்கள். முன்னால் உட்கார்ந்து மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதியைச் சொல்லுவது பதினெட்டு வருஷமாக இருதயம்மாள். மறுபாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்லி முடிப்பார்கள். முடித்ததும் அவள் செபமாலையின் அடுத்த மணிக்குப் போவாள். அன்றைக்கு மற்றவர்கள் மறுபாதியின் நடுவில் இருக்கும்போதே அவள் அடுத்ததை ஆரம்பித்துவிட்டாள். ஒரு தரம் என்றால் விட்டிருப்பார்கள். ஒரே பத்து மணிக்குள் நாலு தரம். செபம் சிக்கிக்கொண்டு நின்றது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்ன மைனி, எங்களை முடிக்கவே விட மாட்டேங்கிறீங்க? அடுப்புல எதையும் வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெர்சி.

பெர்சியின் உதடு அசைந்ததும் மற்றவர்கள் சிரித்ததும் இருதயம்மாளுக்குத் தெரிந்தது. சொன்னது என்ன என்று தெரியவில்லை. ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். காது கேட்கவில்லை என்று சொல்லலாம். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னாள்.

"வயசாகுதுல்ல. மண்டையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. மறதி."

எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். மறதிக்கு லயத்தில் மரியாதை உண்டு. பிள்ளை பெற்று, புருஷனுக்கு ஆக்கிப்போட்டு, முப்பது வருஷம் மழையிலும் பனியிலும் கொழுந்தெடுத்த மண்டை கொஞ்சம் அசரத்தானே செய்யும் என்று விட்டுவிடுவார்கள். செவிட்டுக்கு அந்த மரியாதை கிடையாது.

அதை அவள் கண்ணால் பார்த்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா காலத்தில் சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். அவள் பிறந்தது இதே டிவிஷனில்தான். அப்போது கடைசி வீட்டில் ஒரு பொம்பளை இருந்தாள். ஊரே அவளைச் செவிடி என்றுதான் கூப்பிட்டது. புருஷன், பெற்ற மகன், கங்காணி எல்லாருக்கும் அவள் செவிடிதான். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று சின்னக் கல்லாகப் பொறுக்கி எறிவார்கள். கேட்கிறதா, திரும்புகிறாளா என்று பார்ப்பதற்கு. எறிந்த பிள்ளைகளில் இருதயம்மாளும் ஒருத்தி. அந்த அம்மாள் செத்தபோது பூசையில் சொல்லுவதற்கு சாமியார் பேர் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. மகன் தலையைச் சொறிந்தான். ஆபீசுக்கு ஆளனுப்பி, வேலைக்காரர் பேர் எழுதும் புத்தகத்தைப் புரட்டித்தான் கண்டுபிடித்தார்கள். சந்தியாகம்மாள்.

நாற்பத்தைந்து வருஷமாகியும் அந்தப் பேர் இருதயம்மாளுக்கு மறக்கவில்லை. அவளுக்குத்தான் மறதியே கிடையாதே.

*

வீட்டுக்குள் இன்னொரு காது இருந்தது. அது புருஷன் சுவக்கீனுடையது. தேயிலை ஃபாக்டரியில் கொழுந்தைக் கசக்குகிற ரோலர் ஓடுகிற அறையில் முப்பத்தொரு வருஷம் நின்றவர். அந்த அறையில் வேலை பார்த்த ஆண்கள் ஒருத்தருக்கும் காது சரியில்லை. அதற்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள், ஃபாக்டரிக் காது. பட்டாளத்துக்காரன் தழும்பைக் காட்டுவதுபோல் அதைச் சொல்லிக்கொள்ளுவார்கள். டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்து ஒருத்தருக்கொருத்தர் கத்திக்கொண்டிருந்தால், ஃபாக்டரி ஆள்கள் பேசுகிறார்கள் என்று ஊர் சிரித்துக்கொண்டு போகும்.

இருதயம்மாளும் கல்யாணமான புதிதில் ஒன்பது வருஷம் அதே ஃபாக்டரியில் தூள் சலிக்கிற அறையில் நின்றாள். பிறகுதான் கொழுந்தெடுக்கிற காட்டு வேலைக்கு வந்தாள். அவளுக்கு ஃபாக்டரிக் காது என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பட்டம் பொம்பளைகளுக்குக் கிடையாதுபோல.

சொல்லிவிட்ட பொய் முதலில் வசதியாகத்தான் இருந்தது. கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் "மறந்து எங்கேயோ யோசனையில இருக்கா" என்றார்கள். கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொன்னால் "பாவம்" என்றார்கள். பனிக்காலந்தான் பெரும்பாடு. காலையில் பெரட்டுக்களத்தில் ஆள்களை நிறுத்திப் பேர் கூப்பிடும்போது சூப்பர்வைசர் ஜிதின் மப்ளரை மூக்குவரை சுற்றியிருப்பான். பார்க்க உதடு கிடைக்காது. பக்கத்தில் நிற்கிற குருவம்மாள் முழங்கையால் இடித்ததும் இருதயம்மாள் "சார்" என்பாள். இருபத்திரண்டு வருஷமாக இரண்டு பேருக்கும் தேயிலைக் காட்டில் அடுத்தடுத்த நிரைகள்தான். ஏன் இடிக்கவேண்டியிருக்கிறது என்று குருவம்மாள் கேட்டதில்லை. இருதயம்மாளும் சொன்னதில்லை.

பிறகு பொய் அவளிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ள ஆரம்பித்தது. முதலில் செபமாலை போனது. "கொஞ்ச நாள் நான் சொல்லுறேன் மைனி, நீங்க ஓய்வா உக்காருங்க" என்று பெர்சி நல்ல மனதோடுதான் வாங்கிக்கொண்டாள். அப்புறம் கல்யாண வீடு, சடங்கு வீடு. நாலு பேர் சேர்ந்து பேசுகிற இடத்தில் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கூழாகிவிடும். யார் வாயைப் பார்ப்பது என்று கண் அலைந்து, சாயங்காலத்துக்குள் கல் சுமந்தவள்போலத் தலை கனத்துவிடும். போகாமல் இருப்பது சுலபமாக இருந்தது. வீட்டில் சுவக்கீன் டிவியைக் கூரை அதிர வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சோறு", "தண்ணி", "மழை" தவிர இரண்டு பேரும் பேசிக்கொண்டு எத்தனை நாளாயிற்று என்று யாரும் எண்ணவில்லை.

உடம்பும் வேறு வழியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. சட்டென்று திரும்பினால் மலை ஒரு பக்கமாகச் சாயும். உள்ளங்காலில் பஞ்சு வைத்துக் கட்டினதுபோல இருக்கும். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு வறளும். ஒருநாள் சரிவில் இறங்கும்போது ஒன்றும் தடுக்காமலே விழுந்தாள். பித்தம் என்றாள் குருவம்மாள். பித்தம் என்றே இருதயம்மாளும் வைத்துக்கொண்டாள். இதையும் காதையும் ஒரே மூச்சில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. காது தலையில் இருக்கிறது, கால் தரையில் இருக்கிறது.

*

வைகாசி மாதத்தில் டவுனிலிருந்து ஏதோ ஒரு சங்கத்துக்காரர்கள் வந்து ஞாபகசக்திக்கு ஒரு முகாம் நடத்தினார்கள். ஐம்பது தாண்டின எல்லாரையும் கூப்பிட்டார்கள். ஒரு சின்னப் பொண்ணு, வாயில் மாஸ்க் போட்டுக்கொண்டு, மலையாளம் கலந்த தமிழில் கேள்வி கேட்டாள். மூன்று வார்த்தை சொல்லுவேன், ஞாபகம் வைத்துக்கொண்டு பிறகு சொல்லவேண்டும் என்றாளாம். இருதயம்மாள் மாஸ்க் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் லயத்து ஆள்கள். கேட்கவில்லை, சத்தமாகச் சொல் என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்துவைத்தாள். படம் காட்டிச் செய்யச் சொன்னதை மட்டும் செய்தாள். அந்தப் பொண்ணு ஏதோ எழுதிக்கொண்டது.

அடுத்த மாதம் யானை வந்தது.

மேல் காட்டில் கத்திரி வைத்துக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடைப் பக்கம் ஒற்றை யானையைக் கண்டதும் பெண்கள் கூவினார்கள். அங்கே அதுதான் வழக்கம். ஒருத்தி கூவ, அடுத்த நிரை அதை வாங்கிக் கூவ, மலை முழுக்கச் செய்தி போய்விடும். நாற்பது பேரும் கத்திரியைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். இருதயம்மாள் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தாள். குருவம்மாள் திரும்ப ஓடிவந்து முந்தானையைப் பிடித்து இழுக்கும்போது யானை ஒரு லயத்து நீளத்துக்கு அந்தப்பக்கம் நின்று காதை ஆட்டிக்கொண்டிருந்தது.

"யானைன்னா என்னன்னுகூட மறந்துபோச்சு அவளுக்கு" என்று அன்றைக்கு லயமெல்லாம் பேச்சு.

ஜிதின் பயந்துபோனான். முப்பது வயசுப் பையன், அவன் கையில் நாற்பது உயிர். ஆபீசில் போய்ச் சொன்னான். ஆபீசில் முகாமின் தாள் ஏற்கெனவே வந்து கிடந்தது. முப்பதுக்கு எட்டு மார்க்கு. இரண்டையும் சேர்த்துக் குத்தினார்கள். திங்கட்கிழமை எஸ்டேட் ஆசுபத்திரியில் டாக்டர் பார்த்து, வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு. வீட்டுக்கு என்பது ஒரு பேச்சுக்கு. லயத்து வீடு வேலை இருக்கிறவரைக்குந்தான். சுவக்கீன் ஓய்வு பெற்ற பிறகு அந்த ஒற்றை அறையும் சமையல்கட்டும் இருதயம்மாளின் பேரில்தான் நின்றது. ஓய்வு பெறுகிற ஐம்பத்தெட்டு வயசுக்கு அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அதற்குள் அடிமாலிப் பக்கம் வாங்கிப்போட்ட நாலு சென்டில் இரண்டு அறை எழுப்பிவிடவேண்டும் என்பது அவளுடைய கணக்கு. பிள்ளை வீட்டு வராந்தாவில் பாய் விரிக்காமல் சொந்தக் கதவைச் சாத்திக்கொள்ளவேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் மகன் ஜோமோன் வந்துவிட்டான். கோயமுத்தூரில் பம்பு கம்பெனியில் ஃபிட்டர், பொண்டாட்டி ஜிஸ்மியோடு அங்கேயே குடியிருந்தான். கெட்டிக்காரன், அம்மா மேல் பிரியமுள்ளவன். வந்ததும் அப்பாவோடு உட்கார்ந்து பேசினான். சுவக்கீனுக்காகக் கத்திப் பேசியதால் இருதயம்மாளுக்கும் முக்கால்வாசி விழுந்தது.

"ஜிஸ்மிகிட்டயும் சொல்லிட்டேன்ப்பா. ஹால்ல ஒரு கட்டில் போட்டுக்கலாம். டாக்டர் எழுதினதும் கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பிர வேண்டியதுதான். இனிமே அம்மாவைத் தனியா விட முடியாது."

"அவளைக் கேட்டியா?" என்றார் சுவக்கீன்.

"கேட்டா மட்டும் ஞாபகமா இருக்கப்போகுது?"

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பூசை முடிந்து வந்து, கோழியைக் கழுவி வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். பற்றவில்லை. குனிந்து பார்த்தாள். சிலிண்டர் தலையில் ரெகுலேட்டர் இல்லை. வாசலுக்கு வந்தால், ஜோமோனின் பேன்ட் பாக்கெட்டில் அது புடைத்துக்கொண்டு தெரிந்தது.

"எதுக்குடா அதைக் கழட்டினே?"

"திறந்து விட்டுட்டு மறந்துட்டேன்னு வச்சுக்கோ. லயமே எரிஞ்சுபோகும்மா. நீ சும்மா இரு. ஹோட்டல்ல வாங்கிட்டு வர்றேன்."

முப்பத்தாறு வருஷம் அவள் ஆக்கின அடுப்பு அது. விறகாக இருந்து, மண்ணெண்ணெயாக இருந்து, கேஸாக ஆன அடுப்பு. ஒரு நாளாவது பால் பொங்கி வழியவிட்டதில்லை. இரண்டு வருஷமாக விழுங்கிவைத்திருந்த வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"எனக்கு மறதி இல்லடா. எனக்குக் காது கேக்கலை. நான் செவிடி. போதுமா?"

வாசலில் காய்ந்துகொண்டிருந்த துணிக்குப் பின்னாலிருந்து பெர்சி எட்டிப் பார்த்தாள். சுவக்கீன் டிவியை நிறுத்தினார்.

ஜோமோன் அவள் தோளைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தான். "சரிம்மா, சரிம்மா" என்றான். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "மறதி இருக்கிறவங்க இப்படித்தான் சொல்லுவாங்களாம்ப்பா, எனக்கு ஒண்ணும் இல்லைன்னு. நெட்ல போட்டிருக்கான்" என்றான்.

இருதயம்மாள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் விடாமல் புரிந்தது. பொய்யை இரண்டு வருஷம் உட்கார்ந்து நம்பினவர்கள், நிஜத்தை ஒரு நிமிஷம் நம்பத் தயாராக இல்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். ஆனால் சொல்லிக்கொடுத்தவளே திருப்பி எடுத்தும் ஆகவேண்டும்.

"ரெகுலேட்டரைக் குடு" என்று கையை நீட்டினாள்.

அவன் கொடுக்கவில்லை. அவள் நேராக அவன் பாக்கெட்டில் கையைவிட்டு எடுத்துக்கொண்டு போய் மாட்டினாள். கோழி ஆக்கினாள். உப்பு, காரம் எல்லாம் சரியாக இருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

*

திங்கட்கிழமை காலையில் மகன் ஜீப்பு பிடிக்கப் போன நேரத்தில், இருதயம்மாள் குருவம்மாளின் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"ஏத்தா, எனக்குக் காது கேக்காது. உனக்குத் தெரியுமா?"

குருவம்மாள் வெற்றிலையை ஓரங்கட்டினாள். "இருபது மாசமா உன் விலாவுல இடிச்சு என் முழங்கை காய்ச்சுப்போச்சு. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்டி யார்கிட்டயும் சொல்லலை?"

"நீயே மறதிங்கிறே. நான் எதுக்கு இன்னொருத்தியைச் செவிடின்னு சொல்லிக்கிட்டு?" என்று முகத்துக்கு நேராக வந்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள். அவள் எப்போதுமே அப்படித்தான் பேசுகிறாள் என்பது அப்போதுதான் இருதயம்மாளுக்கு உறைத்தது.

"இனிமே சொல்லு. செவிடி இருதயம்னு சொல்லு. இருதயத்தை மட்டும் விட்டுறாதே. இப்ப என்கூட ஆசுபத்திரிக்கு வா."

எஸ்டேட் ஆசுபத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார், கோட்டயம் பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், எழுத வராது. இரண்டு பெண்களும் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஜோமோனும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். டாக்டர் முகாமின் தாளைப் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டார். இருதயம்மாள் கையை உயர்த்தி நிறுத்தினாள். பையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"டாக்டரம்மா, எனக்குக் காது கேக்காது. எழுதிக் கேளுங்க. ஏழாவது வரைக்கும் படிச்சிருக்கேன். அந்தத் தாளைக் கொஞ்சம் நல்லாப் பாருங்க. காட்டினதுக்கெல்லாம் சரியாச் செஞ்சிருக்கேன். கடிகாரம் போடச் சொல்லிப் படத்தைக் காட்டினா, போட்டிருக்கேன். வாயால கேட்டதுக்குத்தான் தப்பு."

டாக்டர் தாளை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு ஜோமோனைப் பார்த்தார். "ஞான் பறையாம். நான் சொல்லுறேன், நீங்க தமிழில் எழுதணும்."

அப்படியாக மகன் எழுத, அம்மா பரீட்சை எழுதினாள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பையன். கோழி கிளறினதுபோல எழுத்து. "இதையா ஃபீஸ் கட்டிப் படிக்கவச்சேன்" என்று அவள் ஒரு தரம் தலையைத் தூக்கிக் கேட்டாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மூன்று வார்த்தை எழுதிக்காட்டி மூடினார்கள்: பூட்டு, ஆறு, தேங்காய். பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னார்கள். கொழுந்து நிறுக்கும்போது சாக்கு எடை கழித்து, ஈரத்துக்குக் கழித்து, சூப்பர்வைசர் சொல்லுமுன்னே மனதில் கழித்துப் பழகினவள். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். தொண்ணூற்று மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தஞ்சு.

"மதி, மதி" என்று மலையாளத்தில் நிறுத்தச் சொன்னார் டாக்டர்.

அவள் நிறுத்தவில்லை. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொண்ணு, நாற்பத்துநாலு. ஜோமோன் "அம்மா, போதும்" என்றான். முப்பத்தேழு, முப்பது. குருவம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஒன்பது, ரெண்டு என்று முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து, "இதுக்கு மேல குறையாது. பூட்டு, ஆறு, தேங்காய்" என்றாள் இருதயம்மாள்.

ஜோமோன் பேனாவை மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது அவன் கூப்பிட்டது அவளுக்கு எட்டவில்லை என்பதை அவன் பார்த்துவிட்டான். மார்க்கைவிட அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு டாக்டர் கேட்டதெல்லாம் வேறு மாதிரி இருந்தது. தலை சுற்றுகிறதா, கால் மரக்கிறதா, எத்தனை தரம் விழுந்தீர்கள், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள். விரலில் குத்தி இரத்தம் எடுத்தார். சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. இரத்தக் கொதிப்பும் கூடத்தான் இருந்தது. டாக்டர் மெதுவாகச் சொல்ல, ஜோமோன் எழுதினான். நோட்டில் அந்தப் பக்கம் இப்போதும் இருக்கிறது:

ஃபாக்டரி சத்தம் காதைக் கெடுத்திருக்கும். சர்க்கரையும் சேர்ந்து கெடுத்திருக்கலாம். உள்காதுக்குப் போகிற இரத்தக் குழாய் ரொம்பச் சின்னது. காலையும் கண்ணையும் கெடுக்கிற சர்க்கரை அதையும் விடாது. ஆள் சாயாமல் நிற்கவைக்கிற உறுப்பும் உள்காதில்தான் இருக்கிறது. எது எதனால் என்று டவுனில் காதுக்குப் பரிசோதனை செய்தால்தான் தெளிவாகும். காது தனி, உடம்பு தனி இல்லை.

அதற்குப் பிறகு டாக்டர் இன்னொன்று சொன்னார். ஜோமோன் அதை எழுதாமல் உட்கார்ந்திருந்தான்.

"எழுதுடா."

"அது வேண்டாம்மா."

"என் காதைப் பத்தி என்கிட்ட மறைக்கிறதுக்கு நீ யாரு? எழுது."

அவன் எழுதினான். காது கேட்காமலே விட்டு, ஆள்களோடு பேசாமல் ஒதுங்கியே இருந்தால், நிஜமாகவே மறதி வருகிற வாய்ப்பு அதிகம்.

இருதயம்மாள் அதை இரண்டு தரம் படித்தாள். அவள் சொன்ன பொய் பின்கதவு வழியாக மெய்யாகிக்கொண்டிருந்திருக்கிறது. பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட ஆத்திரம் ஒரு படி மேலே இருந்தது. நோட்டை மூடிப் பையில் வைத்தாள்.

"வேலைக்கு லாயக்குன்னு எழுதுங்க டாக்டரம்மா. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

டாக்டர் எழுதினார். மாத்திரை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, காதுக்குக் கருவி என்றும் சேர்த்து எழுதினார்.

*

தாளை வாங்கிக்கொண்டும் ஜிதின் தயங்கினான். மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மப்ளருக்குள்ளிருந்து ஏதோ சொன்னான்.

"மப்ளரை இறக்கிட்டுப் பேசுங்க சாரே. வாயைப் பார்த்தாத்தான் எனக்குப் புரியும். தனியாவும் பேச வேண்டாம், இங்கேயே பேசுங்க."

நாற்பது பெண்களும் திரும்பினார்கள். ஜிதின் மப்ளரை இறக்கினான். மழைக்குளிரில் அவன் மூக்கு சிவந்திருந்தது.

"சேச்சி, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா யானை வந்தா யார் சமாதானம் சொல்லுறது? எதுனா ஆச்சுன்னா கம்பெனிக்குப் பொறுப்பில்லைன்னு ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க. இல்லேன்னா பிள்ளைங்களைப் பார்த்துக்கிற எடத்துல பெருக்குற வேலை தர்றேன். வீடும் போகாது."

வீடு போகாது என்றதும் நாலைந்து பேர் ஒத்துக்கொள் என்பதுபோலத் தலையாட்டினார்கள். அவளுக்கும் ஒரு நிமிஷம் ஆசை தட்டியது. பெருக்குகிற வேலைக்கு மேடு ஏறவேண்டாம். ஆனால் இன்றைக்கு மூலைக்குப் போனால் அங்கே பேச ஆள் கிடையாது. நோட்டில் கடைசியாக எழுதின வரி ஞாபகம் வந்தது.

"நான் எழுதிக் குடுக்க மாட்டேன். நீங்க எழுதிக் குடுங்க, காது கேக்காதவ கொழுந்து வெட்டக் கூடாதுன்னு. அந்த ஃபாக்டரியில நின்னு காதைத் தொலைச்சவங்க எத்தனை பேருன்னும் கூடவே எழுதுங்க. நான் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய எடத்துல காட்டுறேன்."

ஜிதின் எழுதவில்லை. "அப்ப யானைக்கு?" என்றான், பாதிக் கெஞ்சலாக.

"என்னை நடு நிரையில போடுங்க. மேலயும் கீழயும் ஆள் இருக்கட்டும். கூவுறது எனக்கு வேணாம். ஏத்தா குருவு, யானையைக் கண்டா ஒரு மண்ணாங்கட்டி எடுத்து என் முன்னால இருக்கிற செடியில எறி. ஓட எனக்குத் தெரியும்."

"முதுகுல பட்டுட்டா?" என்றாள் குருவம்மாள்.

"பட்டாப் படட்டும்."

அதைச் சொன்னபோது சந்தியாகம்மாளின் முதுகு அவளுக்கு நினைவு வந்தது. அது வேறு எறி, இது வேறு எறி. ஆனாலும் ஒரு கல்லாவது தன் முதுகில் விழுந்தால் கணக்குச் சரிதான் என்று நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி மாதத்துக்குள் இரண்டு தரம் மண்ணாங்கட்டி பறந்தது. ஒன்று யானைக்கு, ஒன்று காட்டெருமைக்கு. இரண்டு தரமும் இருதயம்மாள் குருவம்மாளுக்கு முன்னால் ரோட்டுக்கு வந்துவிட்டாள்.

*

டவுன் ஆசுபத்திரியில் காதுக்குப் பரிசோதனை செய்து, அலைந்து திரிந்து, வலது காதுக்கு ஒரு கருவி கிடைக்கப் புரட்டாசி ஆகிவிட்டது. அதைத் தலைமுடிக்குள் மறைத்துக்கொள்ளலாம் என்று காட்டிக்கொடுத்தார்கள். அவள் முடியை இழுத்துக் கொண்டை போட்டுக்கொண்டு லயத்தில் நடந்தாள். கருவியோடு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கேட்டது தகரக் கூரையில் சொட்டுகிற தண்ணீர். பிறகு சுவக்கீன் அப்பளம் கடிக்கிற சத்தம்.

"இவ்வளவு சத்தமாவா தின்னுவீங்க? ரோலரே பரவாயில்லை போல."

"என்ன?" என்றார் அவர்.

"அடுத்த வாரம் உங்களுக்கும் காது பார்க்கணும். கொதிப்பும் பார்க்கணும்."

"எனக்கு என்னடி? எனக்கு ஃபாக்டரிக் காது."

"உங்களுக்கு ஃபாக்டரிக் காது, எனக்குச் செவிட்டுக் காது. அந்த ஃபாக்டரிக்குள்ள நானும் ஒன்பது வருஷம் நின்னவதான். ஒரே காது, ஒரே ஆசுபத்திரி. கிளம்புங்க."

டாக்டர் அவருக்குக் கொதிப்பு மாத்திரை எழுதினார். காதுக்கு இன்னும் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார். டிவியில் இப்போது எழுத்து ஓடுகிற செய்தியாகப் பார்க்கிறார்கள். அதைப் பற்றி இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த பேச்சு அந்தச் சண்டைதான்.

ஐப்பசியில் அன்பியம் அவர்கள் வீட்டு முறைக்கு வந்தது. ஆள்கள் பாயில் உட்கார்ந்ததும் பெர்சி செபமாலையைக் கையிலெடுத்தாள். இருதயம்மாள் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"நான் சொல்லுறேன் பெர்சி."

"அதுக்கில்லை மைனி. கூட்டத்துல கருவி சரியாக் கேக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கேக்காது. எல்லார் சத்தமும் சேர்ந்து கூழாத்தான் வரும்." அவள் எல்லாரையும் பார்க்கும்படி திரும்பி உட்கார்ந்தாள். "எனக்கு மறதின்னு அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன். எனக்குக் காது கேக்காது. நான் முன்னால உக்காந்தா உங்க வாய் எனக்குத் தெரியும். நீங்க முடிக்கிறதுக்கு முன்னால நான் ஆரம்பிச்சா, கையைத் தூக்குங்க. சிரிக்கவும் செய்யலாம். ஆனா என்னன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுச் சிரிங்க."

பெர்சி செபமாலையைக் கொடுத்தாள்.

முதல் பத்து மணி ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் ஒரு சிக்கல் வந்தது. எல்லாரும் மறுபாதியை முடித்து வாயை மூடிவிட்டார்கள். மூலையில் சாய்ந்திருந்த சுவக்கீன் மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று அவருக்குக் கேட்கவில்லை. அரை செபம் பின்னால், கண்ணை மூடிக்கொண்டு, ஃபாக்டரியில் பேசுகிற குரலில் நிதானமாக வந்துகொண்டிருந்தார். பெர்சி அவரை இடிக்கப் போனாள்.

"விடு, வரட்டும்" என்றாள் இருதயம்மாள்.

அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மூடினது. விரலுக்கடியில் அடுத்த மணியைத் தள்ளி, சத்தமாக ஆரம்பித்தாள்.